வாசகர் கேள்வி – பதில்: அலி ஏன் அதோடு நிறுத்தவில்லை?

கேள்வி: 1980-ல் முகமது அலி மெட்ராஸ் வந்தபோது நேரு ஸ்டேடியத்துக்குப் போய்ப் பார்த்ததை எங்கள் அப்பா இன்றைக்கும் சொல்வார். எம்.ஜி.ஆர். வந்திருந்தாராம், அலி சிரித்துக்கொண்டே சண்டை போட்டாராம். அதே வருஷம் லாரி ஹோம்ஸ் என்பவரிடம் அலி அடி வாங்குகிற வீடியோவைப் போன வாரம் யூடியூபில் பார்த்தேன். மனசு ஆறவில்லை. பேரும் புகழும் சம்பாதித்து முடித்த மனுஷன் ஏன் திரும்பவும் ரிங்குக்குள் போனார்? அலி மட்டும் என்றில்லை, குத்துச்சண்டைக்காரர்கள் யாருமே சரியான நேரத்தில் நிறுத்துவதில்லை போலிருக்கிறதே, பணத்தாசைதான் காரணமா?
– ராயபுரத்திலிருந்து ஒரு வாசகர்

பதில்: உங்கள் அப்பா பார்த்தது ஓய்வு பெற்றுவிட்ட அலியை. 1978 செப்டம்பரில் லியோன் ஸ்பிங்க்ஸை ஜெயித்து மூன்றாவது முறையாக ஹெவிவெயிட் பட்டத்தை வாங்கி, 1979-ல் போதும் என்று அறிவித்துவிட்டுத்தான் அவர் இந்தியா வந்தார். மெட்ராஸில் அவரோடு காட்சிப் போட்டி ஆடிய ஜிம்மி எல்லிஸ், அலியின் சொந்த ஊரான லூயிவில்லைச் சேர்ந்தவர், சின்ன வயசு சிநேகிதர், ஒரு காலத்தில் அவரும் உலக சாம்பியன். இரண்டு பேரும் வலிக்காமல் அடித்துக்கொண்டு, ஜனங்களைச் சிரிக்க வைத்துவிட்டுப் போனார்கள். அதோடு நின்றிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று அந்தப் படங்களைப் பார்க்கிற ஒவ்வொரு தடவையும் எனக்குத் தோன்றும்.

எட்டு மாசம்தான். 1980 அக்டோபர் 2, லாஸ் வேகாஸ். அலிக்கு 38 வயது. எதிரே நின்ற ஹோம்ஸ் முன்பு அலியிடம் ஸ்பாரிங் பார்ட்னராக, அதாவது பயிற்சிச் சண்டையில் எதிரே நின்று ஆடும் துணையாக, சம்பளம் வாங்கியவர், அவரை அண்ணன் மாதிரி நினைத்தவர். பத்து ரவுண்டு நடந்தது, பத்தையும் ஹோம்ஸுக்கே மூன்று நடுவர்களும் கொடுத்தார்கள். அலியால் கையைத் தூக்கக்கூட முடியவில்லை. கடைசியில் பயிற்சியாளர் ஏஞ்சலோ டண்டீ நிறுத்தினார், ஜெயித்த ஹோம்ஸ் அழுதார். இத்தனைக்கும் பிறகு அடுத்த வருஷம் டிசம்பரில் அலி இன்னொரு சண்டைக்குப் போனார், பஹாமாஸ் தீவில், டிரெவர் பெர்பிக்கோடு. ரவுண்டு மணிகூட ஒழுங்காக ஏற்பாடு செய்யாமல் மாட்டு மணியை அடித்து நடத்திய போட்டி அது. அதிலும் தோற்றார். 1984-ல் பார்க்கின்சன் நோய் என்று டாக்டர்கள் சொன்னார்கள். எல்லிஸும் கடைசிக் காலத்தில் மறதி நோயில் கிடந்து 2014-ல் இறந்தார். உங்கள் அப்பா அன்றைக்குக் கைதட்டிய அந்த ரிங்கில் நின்ற இருவருக்குமே மூளைதான் முதலில் போனது.

பணத்தாசைதானா என்று கேட்டிருக்கிறீர்கள். பணம் ஒரு காரணம்தான், சிலருக்கு அதுவே முழுக் காரணம். ஜோ லூயிஸை எடுத்துக்கொள்ளுங்கள். 1937-லிருந்து 1949 வரை கிட்டத்தட்ட பன்னிரண்டு வருஷம் சாம்பியன், 25 முறை பட்டத்தைத் தக்க வைத்தவர், இன்றுவரை எந்த ஹெவிவெயிட்டும் அதைத் தாண்டவில்லை. இரண்டாம் உலகப் போர் சமயத்தில் இரண்டு பெரிய சண்டைகளின் வருமானத்தைக் கடற்படை, ராணுவ நிவாரண நிதிகளுக்குக் கொடுத்தார், தானும் ராணுவத்தில் சேர்ந்தார். போர் முடிந்தபின் அதே அரசாங்கத்தின் வரித்துறை, அவர் தானமாகக் கொடுத்த பணத்தையும் வருமானத்தில் சேர்த்துக் கணக்குக் கேட்டது. வட்டியும் அபராதமும் ஏறி, கடன் பத்து லட்சம் டாலரைத் தாண்டியது. வேறு வழியில்லாமல் 1950-ல் திரும்பி வந்தார். 1951 அக்டோபரில் 37 வயதில் ராக்கி மார்சியானோ என்ற இளைஞர் எட்டாவது ரவுண்டில் அவரை அடித்துக் கயிற்றுக்கு வெளியே தள்ளினார். அப்புறம் மல்யுத்தக் காட்சிகளில் வேஷம் கட்டினார், கடைசியில் லாஸ் வேகாஸில் ஒரு சூதாட்ட ஓட்டல் வாசலில் வருகிறவர்களுக்குக் கை கொடுத்து வரவேற்கும் வேலை. இவரைப் போய் ஆசைப்பட்டார் என்று சொல்ல எனக்கு நா எழாது.

ஆனால் சுகர் ரே லெனார்டுக்குப் பணக் கஷ்டமே கிடையாது. கண்ணில் விழித்திரை விலகி ஆபரேஷன் செய்த பிறகு 1982-ல் விழா எடுத்து ஓய்வை அறிவித்தார். 1984-ல் வந்தார், போனார். 1987-ல் வந்து அன்றைய சாம்பியன் மார்வின் ஹாக்லரை ஜெயித்தார். 1991-ல் தோற்றார். 1997-ல் 40 வயதில் வந்து ஹெக்டர் கமாச்சோ என்பவரிடம் ஐந்தாவது ரவுண்டில் விழுந்தார். நடுவில் சும்மா இருந்த வருஷங்களில் குடியிலும் போதையிலும் விழுந்ததைப் பின்னாளில் அவரே வெளிப்படையாகச் சொன்னார். டைசன் ப்யூரி 2015 நவம்பரில் விளாடிமிர் கிளிட்ச்கோவை ஜெயித்து உலக சாம்பியன் ஆனார், சின்ன வயசிலிருந்து கண்ட கனவு. கிடைத்த உடனே உள்ளுக்குள் எல்லாம் காலியாகிவிட்டது. எடை 180 கிலோவை நெருங்கியது, குடி, போதை, வாழவே பிடிக்காத நிலை, இரண்டரை வருஷம் ரிங் பக்கமே வரவில்லை. இதெல்லாம் வங்கிக் கணக்கில் தீர்கிற விஷயம் இல்லையே.

ஒரு குத்துச்சண்டைக்காரரின் நாளை யோசித்துப் பாருங்கள். பத்துப் பன்னிரண்டு வயசில் ஜிம்முக்குள் போகிறார், அதிலிருந்து எத்தனை மணிக்கு எழுவது, எத்தனை கிலோமீட்டர் ஓடுவது, எதைச் சாப்பிடுவது, எப்போது தூங்குவது எல்லாவற்றையும் அடுத்த சண்டையின் தேதிதான் முடிவு செய்கிறது. ஒரு தேதி, ஓர் எதிராளி, ஓர் எடை, இந்த மூன்றையும் வைத்து இருபது வருஷம் வாழ்ந்தவருக்குத் திடீரென்று தேதியே இல்லை. காலை நாலரைக்கு முழிப்பு வந்துவிடும், ஆனால் ஓட வேண்டிய அவசியம் இல்லை. படிப்பைப் பாதியில் விட்டவர்கள் இவர்களில் நிறைய. ‘நீங்கள் என்ன செய்கிறீர்கள்’ என்று யாராவது கேட்டால் பதிலே இல்லாமல் போகிறது. அத்தோடு, இருபதாயிரம் பேர் தன் பெயரைக் கத்துவதைக் கேட்டபடி ரிங்குக்கு நடந்து போகிற அந்த இரண்டு நிமிஷம் இருக்கிறதே, அதற்கு ஈடாக எதை அவர்களுக்கு நாம் கொடுக்க முடியும்?

மான்செஸ்டர்காரர் ரிக்கி ஹாட்டனை நினைத்தால் இப்போதும் கஷ்டமாக இருக்கிறது. 2009-ல் பிலிப்பைன்ஸ் வீரர் மேனி பாக்கியாவோவிடம் இரண்டாவது ரவுண்டில் விழுந்தபின் மனச்சோர்வில் தவித்ததை மறைக்காமல் பேசியவர், அந்தப் பேச்சினாலேயே பலருக்கு உதவியவர். 2012-ல் சொந்த ஊரில் ஒரு சண்டைக்குத் திரும்பித் தோற்று, அன்றே ஓய்வு என்றார். 2025-ல் மறுபடியும், டிசம்பரில் துபாயில் சண்டை என்று அறிவிப்பு வந்தது. செப்டம்பரில் 46 வயதில் இறந்துபோனார்.

கேள்வி: கிரிக்கெட்டில் ஃபார்ம் போனால் டீமிலிருந்து எடுத்துவிடுகிறார்கள். குத்துச்சண்டையில் ‘உனக்கு வயசாகிவிட்டது, போதும்’ என்று சொல்ல ஆளே கிடையாதா? டாக்டர்கள், அரசாங்கம் எல்லாம் என்ன செய்கிறார்கள்?
– மதுரையிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்

பதில்: தம்பி, என்னைக் கேட்டால் முழுப் பிரச்சினையும் இந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது. கிரிக்கெட்டில் ஒரு தேர்வுக்குழு இருக்கிறது, நமக்குப் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் ஒருநாள் அது பெயரை அடித்துவிடும். தொழில்முறைக் குத்துச்சண்டையில் டீம் இல்லை, சீசன் இல்லை, சம்பளம் இல்லை. ஒவ்வொரு சண்டையும் தனித்தனி ஒப்பந்தம். மேனேஜருக்குக் கிடைப்பது சண்டைப் பணத்தில் ஒரு பங்கு, அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் மூன்றில் ஒரு பங்கு வரை எடுக்கலாம். பயிற்சியாளருக்கு வழக்கமாகப் பத்து சதவீதம். அதாவது வீரர் சண்டை போட்டால்தான் சுற்றியிருக்கிற எல்லோருக்கும் அடுப்பு எரியும். இவர்களில் யார் ‘போதும்’ என்று சொன்னாலும் அவர் தன் வருமானத்தையும் சேர்த்து நிறுத்துகிறார்.

இன்னொன்று, இங்கே திறமை போனாலும் பெயருக்கு விலை இருக்கிறது. கிரிக்கெட்டில் ஃபார்ம் போன ஆள் யாருக்கும் வேண்டாம். குத்துச்சண்டையிலோ ஃபார்ம் போன முன்னாள் சாம்பியன்தான் எல்லோருக்கும் வேண்டும், ஏனென்றால் வளர்ந்து வரும் பையன் ஒருவனின் கணக்கில் ‘இன்னாரை வீழ்த்தினான்’ என்று எழுத அந்தப் பெயர் தேவை. முன்பு மார்சியானோவுக்கு ஜோ லூயிஸ் படிக்கட்டாக இருந்த மாதிரி. 2024 நவம்பரில் 58 வயது மைக் டைசனை, அவரை விட 31 வயது இளையவரான, யூடியூபில் பிரபலமாகிக் குத்துச்சண்டைக்கு வந்த ஜேக் பாலோடு மோத விட்டார்கள், அதற்கும் டெக்ஸாஸில் முறைப்படி லைசென்ஸ் கொடுத்தார்கள், ஸ்டேடியம் நிறைந்தது.

டாக்டர்கள் சொல்லாமல் இல்லை. அலியின் டாக்டர் ஃபெர்டி பச்சேகோ, 1977-ல் எர்னி ஷேவர்ஸோடு நடந்த சண்டைக்குப் பிறகு சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருப்பதைக் காட்டும் அறிக்கையை அலிக்கும் அவரைச் சேர்ந்தவர்களுக்கும் அனுப்பினார். ஒருவரும் பதில் போடவில்லை, அவர் விலகிவிட்டார். ஹோம்ஸ் சண்டைக்கு முன் மேயோ கிளினிக் என்ற பெரிய அமெரிக்க ஆஸ்பத்திரியில் அலியைச் சோதித்தார்கள். ஒற்றைக் காலில் குதிப்பது, விரலால் மூக்கைத் தொடுவது, இவற்றில் லேசான தடுமாற்றம் இருந்ததாக அந்த அறிக்கையிலேயே இருந்தது. அப்படியும் லாஸ் வேகாஸ் இருக்கிற நெவாடா மாநிலம் லைசென்ஸ் கொடுத்தது. அடுத்த சண்டைக்கு அமெரிக்காவில் கதவு அடைபட்டதால்தான் பஹாமாஸ் போனார்கள். ஓர் ஊரில் கிடைக்காத லைசென்ஸ் இன்னோர் ஊரில் கிடைக்கும் என்கிற நிலைமை இருக்கும்வரை எந்தத் தடையும் முழுத் தடை ஆகாது.

எல்லாவற்றையும் விட எனக்குக் கலக்கம் தருவது ஒன்று உண்டு. 1928-லேயே நியூ ஜெர்சி மருத்துவர் ஹாரிசன் மார்ட்லண்ட், தலையில் அடி வாங்கி வாங்கித் தள்ளாடி நடக்கிற, குழறிப் பேசுகிற குத்துச்சண்டைக்காரர்களைப் பற்றி மருத்துவப் பத்திரிகையில் எழுதினார். அந்தப் பாதிப்பு உடனே தெரியாது, வருஷக்கணக்கில் மெதுவாக ஏறும். முதலில் போவதே நிதானமும் தீர்மானிக்கும் சக்தியும்தான், கோபம் வரும், மனச்சோர்வு வரும், செலவில் கட்டுப்பாடு போகும். எப்போது நிறுத்த வேண்டும் என்று முடிவெடுக்க வேண்டிய மூளையும், அடி வாங்குகிற மூளையும் ஒன்றேதான். அதனால் ‘அவராகவே உணர்ந்து நிறுத்திவிடுவார்’ என்று விட்டுவிடுவது நியாயமே இல்லை. முட்டி தேய்ந்தால் ஓட்டக்காரருக்குத் தெரிந்துவிடும், இது அப்படித் தெரியாது.

ஓய்வூதியமாவது உண்டா என்றால், அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலம் 1980-களில் ஒரு நிதி ஆரம்பித்தது. அங்கே விற்கிற குத்துச்சண்டை டிக்கெட்டுகளில் ஒரு சிறு தொகை அதற்குப் போகும், தகுதியுள்ள பழைய வீரர்கள் ஐம்பது வயசானதும் வாங்கிக்கொள்ளலாம். நல்ல ஏற்பாடு, எல்லா இடத்திலும் வந்திருக்க வேண்டியது.

கேள்வி: நல்ல நேரத்தில் நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்க்காதவர் ஒருவராவது உண்டா?
– சேலத்திலிருந்து ஒரு வாசகர்

பதில்: உண்டு. ஜோ லூயிஸை வீழ்த்திய அதே மார்சியானோ 49 சண்டை, 49 வெற்றி என்ற கணக்கோடு 1956-ல் நிறுத்தினார், 1969-ல் விமான விபத்தில் இறக்கும்வரை திரும்பவில்லை. லூயிஸின் அன்றைய முகம் அவர் மனசில் இருந்திருக்கும் என்பது என் எண்ணம். பிரிட்டன் வீரர் லெனாக்ஸ் லூயிஸ் 2004-ல் சாம்பியனாகவே விடை பெற்றார். விளாடிமிரின் அண்ணன் விட்டாலி கிளிட்ச்கோவோடு மறு சண்டை என்றால் கோடிக்கணக்கில் கொட்டியிருப்பார்கள், வேண்டாம் என்றுவிட்டார். மார்வின் ஹாக்லருக்கோ 1987-ல் லெனார்டிடம் தோற்றது அநியாயம் என்ற எண்ணம் கடைசிவரை போகவில்லை, அப்படியும் திரும்பவில்லை. இத்தாலிக்குப் போய்க் குடியேறி, அங்கே சண்டைப் படங்களில் நடித்தார். பழைய ஊரையே விட்டுவிட்டுப் போனது அவருக்கு உதவியது என்று நினைக்கிறேன், யாரும் தினமும் வந்து ‘எப்ப திரும்ப வர்றே?’ என்று கேட்காத ஓர் இடம்.

கேள்வி: ரிங்கை விட்ட பிறகு வேறு வாழ்க்கையை நன்றாக அமைத்துக்கொண்டவர்கள் எப்படிச் செய்தார்கள்? ஜார்ஜ் ஃபோர்மன் மாதிரி எல்லோராலும் முடியுமா?
– சிங்கப்பூரிலிருந்து ஒரு வாசகர்

பதில்: ஃபோர்மன் கதை அற்புதமானது, ஆனால் ரொம்பப் பேரைத் தப்பான பக்கம் இழுத்ததும் அதுதான். 1977-ல் ஜிம்மி யங்கிடம் தோற்று, அன்றிரவே உடை மாற்றும் அறையில் கடவுள் அனுபவம் வந்ததாகச் சொல்லி ஊழியத்துக்குப் போனார். ஹூஸ்டனில் பத்து வருஷம் பிரசங்கம், பையன்களுக்காக ஒரு மையம். அந்த மையத்துக்குப் பணம் இல்லை என்றுதான் 1987-ல் மீண்டும் கையுறை மாட்டினார். 1994 நவம்பர் 5 அன்று 45 வயதில் மைக்கேல் மூரரைப் பத்தாவது ரவுண்டில் வீழ்த்தி மறுபடியும் உலக சாம்பியன். அப்புறம் அவர் பெயரில் வந்த கிரில் அடுப்பு வீட்டுக்கு வீடு விற்றது, 1999-ல் அந்தப் பெயரைப் பயன்படுத்தும் உரிமைக்கு மட்டும் 13.75 கோடி டாலருக்கு ஒப்பந்தம் ஆனது. நாற்பதைத் தாண்டித் திரும்புகிற ஒவ்வொருவரும் ‘ஃபோர்மன் செய்யவில்லையா’ என்கிறார். அவர் திரும்பியதை எல்லோரும் பார்க்கிறார்கள், அதற்கு முன்னால் பத்து வருஷம் தலையில் ஓர் அடிகூட வாங்காமல், குத்துச்சண்டை இல்லாத ஒரு முழு வாழ்க்கையை அவர் வாழ்ந்து முடித்திருந்ததை யாரும் பார்ப்பதில்லை.

எனக்கு அதைவிட உபயோகமாகத் தோன்றுவது ஃப்ரெடி ரோச்சின் வாழ்க்கை. 1980-களில் லேசான எடைப்பிரிவில் ஆடியவர். அவருடைய பயிற்சியாளர் எட்டி ஃபட்ச், இந்தத் துறையில் நான் மிகவும் மதிக்கிற மனிதர். 1975-ல் மணிலாவில் அலியோடு நடந்த சண்டையில், கண் மூடிப்போய் நின்ற ஜோ ஃப்ரேசியரை ஒரே ஒரு ரவுண்டு மீதி இருக்கும்போது, அவர் எவ்வளவோ மறுத்தும், எழுந்திருக்க விடாமல் நிறுத்தியவர். அதே ஃபட்ச் ரோச்சையும் கூப்பிட்டு ‘போதும்ப்பா’ என்றார். ரோச் கேட்கவில்லை, அப்பாவைப் பயிற்சியாளராக வைத்துக்கொண்டு இன்னும் ஐந்து சண்டை போட்டு நாலில் தோற்று 1986-ல் நின்றார். அதன்பின் போனில் பொருள் விற்கிற வேலை, குடி, தெருச் சண்டை. ஒருநாள் லாஸ் வேகாஸில் ஃபட்சின் ஜிம்முக்குப் போனபோது வெர்ஜில் ஹில் என்ற வீரருக்கு உதவி செய்ய ஆள் இல்லாததைப் பார்த்து, தானாகவே போய்க் கை கொடுத்தார். மறுநாளும் போனார். அப்படியே வருஷக்கணக்கில் சம்பளம் இல்லாமல் ஃபட்சிடம் தொழில் கற்றார். 1995-ல் ஹாலிவுட்டில் சொந்தமாக ஜிம் திறந்தார், 2001-ல் அந்தக் கதவைத் தள்ளிக்கொண்டு முன்பு சொன்ன பாக்கியாவோ, அப்போது இளைஞர், வந்தார். ரோச்சுக்கும் பார்க்கின்சன் வந்துவிட்டது, கை நடுக்கத்தோடுதான் வீரர்களின் குத்துகளைத் தன் கையுறையில் வாங்கிப் பழக்கினார்.

அவருக்குக் கிடைத்தது பதவியோ பணமோ இல்லை, காலையில் போக ஓர் இடமும் தன்னை எதிர்பார்க்கிற ஓர் ஆளும் கிடைத்தார்கள். விட்டாலி கிளிட்ச்கோ 2014-ல் கீவ் நகர மேயர் ஆனார், அதுவும் அப்படித்தான், நாள் முழுக்க ஜனங்கள் வாசலில் நிற்கிற வேலை. பாக்கியாவோவும் அரசியலுக்குத்தான் போனார், செனட்டராக இருந்தார், ஜனாதிபதி தேர்தலில் நின்றார், தோற்றார். 2025 மே மாதம் மறுபடி செனட்டுக்கு நின்று தோற்றார். ஜூலையில் 46 வயதில் லாஸ் வேகாஸில் ரிங்குக்குள் நின்றுகொண்டிருந்தார்.

கேள்வி: ஐயா, என் மகனுக்குப் பதினேழு வயது. மாவட்ட அளவில் குத்துச்சண்டையில் மெடல் வாங்கியிருக்கிறான். பெரியவனானதும் ப்ரொபஷனலாகப் போவேன் என்கிறான். பயமாக இருக்கிறது, தடுக்கவும் மனசில்லை. என்ன சொல்வது?
– திருச்சியிலிருந்து ஒரு தாய்

பதில்: அம்மா, உங்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது, அவனுடைய ஆசையிலும் தப்பில்லை. முதலில், அவன் இப்போது ஆடுவது அமெச்சூர். மூன்று ரவுண்டு, பாதுகாப்பு விதிகள் அதிகம், நடுவர்கள் சீக்கிரம் நிறுத்துவார்கள். தொழில்முறை என்றால் பன்னிரண்டு ரவுண்டு வரை போகும், பயிற்சியில் வாங்குகிற அடி அதற்கு மேல். நம் ஊரில் அமெச்சூராக இருப்பதில் இன்னொரு நன்மை, ரயில்வே, ராணுவம், போலீஸ் என்று ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலைக்கு வழி இருக்கிறது. கை ஓய்ந்த பிறகும் மாதச் சம்பளம் வரும், போக ஓர் அலுவலகம் இருக்கும். மேலே எழுதிய சாம்பியன்கள் பலருக்கு இல்லாமல் போனது அதுதான். எனவே படிப்பை மட்டும் பாதியில் விட விடாதீர்கள். ஆட்டத்தின் மேல் அவ்வளவு ஆசை என்றால் பாட்டியாலாவில் உள்ள தேசிய விளையாட்டு நிறுவனத்தில் பயிற்சியாளர் டிப்ளமோ இருக்கிறது, இப்போதே அதைப் பற்றி அவன் காதில் போட்டு வையுங்கள்.

ஸ்பாரிங்கில் தலையில் பலமாக அடிபட்டால் அன்றே வீட்டில் சொல்ல வேண்டும், தலைவலி, வாந்தி, தூக்கக் கலக்கம் இருந்தால் டாக்டரைப் பார்க்காமல் ஜிம்முக்குத் திரும்பக் கூடாது. இதை அவனிடம் சத்தியம் வாங்கிக்கொள்ளுங்கள். அவன் மறைத்தாலும் கூடப் பயிற்சி எடுக்கிற பையன்கள் சொல்வார்கள், அவர்களை வீட்டுக்குக் கூப்பிட்டுச் சோறு போடுங்கள், பேச்சு தானாக வரும்.

அப்புறம், ஒருநாள் நீங்களே ஜிம்முக்குப் போய் அவனுடைய கோச்சிடம் நேராகக் கேளுங்கள்: ‘சார், இதுவரை எந்தப் பையனையாவது நீங்களே போதும் என்று சொல்லி நிறுத்தியிருக்கிறீர்களா?’ அவர் ஒரு பையனின் பேரைச் சொல்லி, அன்றைக்கு என்ன நடந்தது, அந்தப் பையன் எவ்வளவு கோபப்பட்டான், இப்போது என்ன வேலை பார்க்கிறான் என்றெல்லாம் சொன்னார் என்றால், உங்கள் மகனை அவரிடமே விடுங்கள்.